பன்றி வங்கியும் பங்கு விவசாயமும்

விதைக்கும்போதே பணம் கட்டி ஒரு பண்ணையில் பங்கு வாங்கிக்கொள்வது, விளைந்ததும் வாராவாரம் காய்கறியாகப் பெறுவது, மழை பொய்த்தால் நட்டத்தையும் பங்கிட்டுக்கொள்வது - இதைச் 'சமூகம் தாங்கும் விவசாயம்' என்கிறார்கள். அமெரிக்காவில் 1986இல் மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களின் இரண்டு பண்ணைகளில் இது தொடங்கியது, சிந்தனை ஐரோப்பாவிலிருந்து வந்தது என்றுதான் பெரும்பாலும் எழுதியிருக்கிறார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்கு வரும் கேள்வி: இந்த வரலாற்றில் கறுப்பர்கள் எங்கே? அடிமையாகவும் வாரக்குடியாகவும் அந்த மண்ணில் உழன்றவங்க அவங்கதானே?

தேடினால் கிடைக்கிறார்கள். அலபாமாவில் டஸ்கீகியில் தோட்டக்கலைப் பேராசிரியராயிருந்த கறுப்பர் புக்கர் டி. வாட்லி. நகரத்துக் குடும்பங்கள் முன்கூட்டியே சந்தா கட்டி, தாங்களே வந்து பறித்துக் குறைந்த விலைக்கு எடுத்துப்போகும் உறுப்பினர் சங்கங்களைச் சிறு விவசாயிகள் அமைக்கவேண்டும் என்று 1986க்கு முன்பே சொல்லிவந்தார். விதைக்கக் கையில் காசு இருக்கும், தரகனுக்கு வேலை இருக்காது. 25 ஏக்கரை வைத்தே ஒரு குடும்பம் நன்றாக வாழலாம் என்று 1987இல் புத்தகமும் எழுதினார்.

அவருடைய அவசரம் புரிய ஒரு கணக்குப் போதும். 1920இல் ஒன்பது லட்சத்துக்கும் மேலிருந்த கறுப்பு விவசாயிகள் 1997இல் இருபதாயிரத்துக்கும் கீழே போய்விட்டார்கள். கடன் கொடுப்பதில் நிறம் பார்த்ததாகக் கறுப்பு விவசாயிகள் தொடுத்த வழக்கில், 1999இல் வேளாண்துறை இழப்பீட்டுக்கு உடன்பட வேண்டியதாயிற்று. கடன் மறுக்கப்பட்டவன் சாப்பிடுகிறவரிடமே முன்பணம் கேட்கிறான். அதுதான் வாட்லியின் பங்கு.

வாட்லியின் விவசாயிக்கு நிலமாவது இருந்தது. அதுவும் இல்லாதவர்கள் பங்கு போட்ட கதை மிசிசிப்பியில் நடந்தது. ஃபேனி லூ ஹேமர், வாரக்குடி வீட்டில் இருபதாவது பிள்ளை. 1962இல் வாக்காளர் பட்டியலில் பேர் சேர்க்கப் போனார். 18 வருடம் உழைத்த பருத்திப் பண்ணையிலிருந்து அன்றிரவே துரத்தப்பட்டார். நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊர்க்கூலியை நம்பியிருக்கிற சேரி வாயைத் திறந்தால் முதல் அடி வயிற்றில்தான்.

ஹேமர் 1969இல் 40 ஏக்கரில் 'சுதந்திரப் பண்ணை' கூட்டுறவைத் தொடங்கினார். அது 680 ஏக்கராக வளர்ந்தது. உறுப்பினருக்கு மாதம் ஒரு டாலர். காய்கறி உறுப்பினர்களின் அடுப்புக்கு, பருத்தியும் சோயாவும் நிலக்கடனுக்கு. கூடவே ஒரு பன்றி வங்கி. ஒரு குடும்பத்துக்குச் சினைப்பன்றி கொடுப்பார்கள். ஈன்றதில் இரண்டு குட்டிகளை வங்கிக்குத் திருப்பித் தரவேண்டும்.

எங்க பக்கம் ஆடு மாடுகளை வாரத்துக்குப் பிடிச்சு வளர்க்கிறது வழக்கம். வளர்க்கிறது நாம, ஈனுறதுல பாதி மாட்டுக்காரனுக்கு. ஹேமரின் வங்கியிலும் குட்டி திரும்பிப் போகிறது, ஆனால் ஆண்டை வீட்டுத் தொழுவத்துக்கு அல்ல, பன்றியில்லாத இன்னொரு குடும்பத்துக்கு. வாரம் என்ற அதே ஏற்பாட்டிலிருந்து ஆண்டையை மட்டும் எடுத்துவிட்டார் அந்த அம்மா.

பண்ணை நிலைக்கவில்லை. பெரும்பாலோரால் அந்த ஒரு டாலரும் கட்ட முடியவில்லை. வெளியூர் நன்கொடை குறைந்தது. வெள்ளமும் வறட்சியும் அடுத்தடுத்து வந்தன. 1976 வாக்கில் வரிபாக்கியில் நிலம் போயிற்று. 1977இல் ஹேமர் இறந்தார். முன்பணம் கட்ட வசதியுள்ளவர்கள் கூடிய பங்குப் பண்ணைகள் வரலாற்றில் ஏறின. வசதியற்றவர்கள் கூடியது தோல்விக் கணக்கில் எழுதப்பட்டது.

1946இல் அம்பேத்கர் டுபாய்சுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் கறுப்புச் சிறுத்தைகளின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். கறுப்பர்களிடம் நாம் அரசியல் கற்றிருக்கிறோம். நிலத்தைப் பற்றியும் கற்கவேண்டும். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்கீர் 1891இல் எழுதிய அறிக்கைக்குப் பிறகு நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம், பிறருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனை இருந்தும் கைமாறியது. காரணை நிலத்தைக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10இல் நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் பலியானார்கள்.

இப்போது நம் நகரங்களிலும் இயற்கைக் காய்கறிக்கு முன்பணம் கட்டுகிற பேச்சு நடக்கிறது. நடக்கட்டும். ஆனா ஒண்ணு கேக்கணும்: அந்தக் கீரை யாரு நிலத்துல முளைச்சது? களை எடுத்தவளுக்குக் கூலியா, பங்கா? மீட்கிற பஞ்சமி நிலத்தில் நாமே கூடிப் பயிரிட்டு, நகரத்திலுள்ள நம் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் அதற்கு முன்பணம் கட்டினால், ஹேமருக்குக் கிடைக்காத அந்த ஒரு டாலர் நம் பண்ணைக்காவது கிடைக்கும்.