கையால் ஊட்டிய மூச்சு

1952 கோடையின் இறுதியில் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரை இளம்பிள்ளைவாதம் உலுக்கியது. தொற்றுநோய்களுக்கான பிளெக்டாம் மருத்துவமனைக்கு, நோய் உச்சத்தில் இருந்தபோது, ஒரே நாளில் ஐம்பது பேர் வரை வந்தார்கள். மூச்சுத்தசை முடங்கியவர்களுக்கென அங்கே இருந்தது ஓர் இரும்பு நுரையீரலும், நெஞ்சில் கவசம்போல் மாட்டும் ஆறு கருவிகளும்தான். முதல் மூன்று வாரங்களில் அவற்றில் சேர்க்கப்பட்ட 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள்.

தலைமை மருத்துவர் லாசன், மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சனை அழைத்தார். இறந்தவர்களின் ரத்தத்தில் பைகார்பனேட் கூடுதலாக இருந்தது. காரம் மிகுந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். வெளியேறாத கரியமில வாயுவின் அடையாளம் அது என்றார் இப்சன். ஆக்சிஜன் கொடுத்தால் உடம்பு சிவப்பாகத் தெரியும். உள்ளே கரியமில வாயு நிறைந்துகொண்டே போகும். இன்றும் ஏமாற வைக்கும் நிறம் அது.

ஆகஸ்ட் 27 அன்று பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகினார்கள். அவள் திமிறினாள், காற்று உள்ளே போகவில்லை. இப்சன் தயோபென்டால் செலுத்தித் திமிறலை அடக்கினார். பிறகு ரப்பர் பையை அமுக்க அமுக்க நெஞ்சு ஏறி இறங்கியது. சிறுமி பிழைத்தாள்.

ஆனால் அந்தப் பையை ராப்பகலாக அமுக்குவது யார்? மருத்துவ, பல் மருத்துவ மாணவர்கள் சுமார் 1500 பேர் முறை வைத்து வந்தார்கள். ஒரு கட்டத்தில் எழுபது பேருக்கு ஒரே நேரத்தில் இப்படி மூச்சு ஊட்டினார்கள். வரலாறு மாணவர்களைத்தான் கொண்டாடுகிறது. கூடவே நின்ற செவிலியர்களைப் பற்றிப் பேச்சே குறைவு. குழாயில் சேரும் சளியை உறிஞ்சி எடுக்காவிட்டால் எவ்வளவு அமுக்கியும் பயனில்லை. நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பது, குழாய்வழி உணவு கொடுப்பது, பேச முடியாத குழந்தையின் கண்ணைப் பார்த்தே தேவையை அறிவது என்று வேலை ஓயவில்லை. இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியதில் அந்தக் கைகளுக்கும் பங்குண்டு.

1953 டிசம்பரில் இப்சன் கோபன்ஹேகன் நகராட்சி மருத்துவமனையில் தனிக் கூடம் ஒன்றைத் திறந்தார். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் முன்னோடி அது. தானாக விரிந்து காற்றை நிரப்பிக்கொள்ளும் ஆம்பு பை 1956-இல் அதே நாட்டில் பிறந்தது. சிலிண்டர் இல்லாமலும் மூச்சு கொடுக்க அதுவே போதும். வென்டிலேட்டரிலிருந்து எடுத்த நோயாளியை ஸ்கேனுக்குக் கொண்டுபோகும்போது, நம்மூர் மருத்துவமனைகளிலும் செவிலியர்கள் அதைத்தான் அமுக்கிக்கொண்டே நடக்கிறார்கள்.