காலதரும் யன்னலும்: கிரான் பகுதி வீடுகளை முன்வைத்து ஒரு நோக்கு

மன்னர்தம் போர்களும் கோயிற் றிருப்பணிகளும் வரலாற்றில் பெற்ற இடத்தை மக்கள் குடியிருந்த வீடுகள் பெற்றில. வீட்டினுள்ளும் கூரைக்கும் திண்ணைக்கும் கிடைத்த கவனம் யன்னலுக்குக் கிடைத்ததில்லை. ஆயினும், ஒரு சமுதாயம் இயற்கையின் எக்கூறினை விரும்பி உள்ளழைத்தது, எதனை அஞ்சி வெளியே நிறுத்தியது என்பதைக் காட்டும் சான்று யன்னலே எனலாம். மட்டக்களப்புக்கும் வாழைச்சேனைக்கும் இடையே அமைந்த கிரானும் அதனைச் சூழ்ந்த வயற் கிராமங்களும் இக்கூற்றினை ஆராய்தற்கு ஏற்ற களமாகும்.

முதற்கண் சொற்களை நோக்குவோம். பழந்தமிழர் இதனைக் ‘காலதர்’ என்றனர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. புகார் நகரத்து மாளிகைகளை வருணிக்குமிடத்துச் சிலப்பதிகாரம் இச்சொல்லை ஆண்டு, அதன் வடிவை மானின் கண்ணுக்கு ஒப்பிடுகின்றது. ‘யன்னல்’ என நாம் இன்று வழங்குவதோ ‘ஜனேலா’ என்னும் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது. சிங்களத்திலும் அதுவே ‘ஜனேலய’ என வழங்குகின்றது. போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்பிற் கோட்டை அமைத்தனர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். ஆட்சி பத்தாண்டிற் போயிற்று, சொல் நின்றது. அவர் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் தச்சுத் தொழிலில் நெடுங்காலம் பெயர் பெற்றிருந்தமையும் ஈண்டு நினைக்கத்தக்கது.

கிரான் பகுதியின் பழைய வீடு வரிச்சுக் கட்டி மண் அப்பிய சுவரும் கிடுகுக் கூரையும் உடையது. திறப்புகள் சிறியன, தாழ்வாரம் தாழ்ந்து வெளிநீண்டது. இதற்குக் காரணம் வறுமை மட்டுமன்று. ஆண்டின் நடுப்பகுதியில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வெப்பத்தையும் புழுதியையும் கொணரும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று ஆண்டு மழையின் பெரும்பகுதியைக் கொட்டும். அக்காலத்துக் கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் செல்லும் பாதை வெள்ளத்தில் மூழ்குதல் வழக்கம். இவ்விரு காற்றுக்கும் இடையே வாழ்ந்தோர் காலதரைச் சிறிதாக்கிக் கூரையை அதற்குக் குடையாக்கினர்.

கற்சுவரும் சீமெந்தும் வந்தபோது திறப்புகள் அகன்றன, தாழ்வாரங்கள் குறுகின. முன்னர்க் கூரை காத்த இடத்தை இப்போது மரச்சட்டமும் சுவரும் பொருந்தும் மூட்டுத்தானே காத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. மரம் மாரியில் ஊதும், கோடையில் சுருங்கும். சீமெந்து அவ்வாறு அசைவதில்லை. ஆகவே இரண்டிற்கும் இடையே மயிரிழை வெடிப்புத் தோன்றுகின்றது. சாரல் அதன்வழிப் புகுந்து சட்டத்தை உளுக்கச் செய்ய, ஈரத்தை நாடிக் கறையானும் வருகின்றது. யன்னலின் கீழ்ப்படி வெளிநோக்கிச் சரியாதவிடத்துத் தேங்கும் நீர் உள்நோக்கியே வடியும். பலகையும் கண்ணாடியும் எத்துணை உயர்ந்தனவாயினும், பொருத்துதல் பிழைத்தால் அனைத்தும் பிழைக்கும்.

இவ்வுண்மையைப் பெருவிலை கொடுத்து உணர்த்தியது 1978 நவம்பர் 23ஆந் திகதி இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியாகும். ஏறத்தாழ ஆயிரம் உயிர்களை அது கொண்டது; தென்னந் தோட்டங்களை வீழ்த்தி, எண்ணற்ற வீடுகளைக் கூரையற்றனவாக்கியது. காற்றின் அமுக்கம் அதன் வேகத்தின் வர்க்கத்தோடு பெருகும். வேகம் இருமடங்காயின் அமுக்கம் நான்மடங்காகும். காற்று மோதும் பக்கத்து யன்னல் பெயர்ந்தால், உட்புகுந்த காற்றுக் கூரையைக் கீழிருந்து தள்ளும். வெளியே விரையும் காற்று அதனை மேலிருந்து இழுக்கும். ஆணியும் கயிறும் இவ்விரு விசைகளையும் ஒருங்கே தாங்கா. எனவே, சட்டத்திலிருந்து சுவருள் புதைக்கப்படும் சில இரும்புத் துண்டுகள் யன்னலை மட்டுமன்றிக் கூரையையும் காக்கின்றன. காலதர் காற்றுக்கு வழி; வேண்டுங்கால் அடைபடாத வழியோ அழிவுக்கு வழியாகும்.

இதே படிப்பினையைக் குளிர்நாடுகள் வேறோர் இடரின் மூலம் பெற்றன. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர், சூறாவளிக்கு முந்திய ஆண்டாகிய 1977இல், கனடாவின் ரெஜைனா நகரில் காற்றுக் கசிவை மிகக் குறைத்த ஆய்வு வீடொன்று கட்டப்பட்டது. அங்கு அச்சத்துக்குரியது உள்ளே வரும் புயலன்று, வெளியேறும் வெப்பமே. யன்னலைச் சுற்றியுள்ள இடைவெளியில் வெப்பங்காக்கும் பொருளை நிரப்பி, உட்புறம் காற்றுப் புகாது அடைத்து, வெளிப்புறம் நீர் வடிய வழிவிடுதல் அந்நாட்டு முறை. அடைப்புத் தவறின் அறையின் ஈரக்காற்று குளிர்ந்த சட்டத்திற் பட்டு நீராகி, பூஞ்சணமும் உளுப்பும் தோன்றும். 1983இன் பின்னர்ப் புலம்பெயர்ந்து கனடாவிலும் நோர்வேயிலும் வாழும் ஈழத்தமிழருக்கு இது அன்றாட அனுபவமாகும். ஊரில் சாரலை மறிக்கும் மூட்டும், ஆங்கு வெப்பத்தைக் காக்கும் மூட்டும் ஒன்றே. காலநிலை மாறினும் நியதி மாறுவதில்லை: காற்றை மறித்தல், நீரை வெளியே வடித்தல், சட்டத்தைச் சுவரோடு பிணித்தல்.

போரினால் 2006, 2007ஆம் ஆண்டுகளில் இடம்பெயர்ந்த மேற்குக்கரை மக்கள் மீண்டுவந்து புதிய வீடுகளை எழுப்பினர். உதவிப்பணங் கொண்டு கட்டப்படும் வீட்டில் அத்திவாரமும் சுவரும் கூரையும் முதலில் பணத்தை விழுங்க, யன்னல் இறுதிக்கு ஒதுக்கப்படுதல் இயல்பு. இறுதியிற் குறைக்கப்படுவதும் அதுவே. கண்ணுக்குத் தெரியும் கதவு மெருகு பெற, கண்ணுக்குத் தெரியாத மூட்டுக் கைவிடப்படுகின்றது. மூன்று முறை வீடிழந்த குடும்பத்துக்கு இச்சிறு சிக்கனம் நான்காம் இழப்பின் தொடக்கமாகலாம். ஆதலின், மக்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் சுவரின் உயரத்தை அளப்பதோடு அமையாது, அச்சுவரும் சட்டமும் சேருமிடத்தையும் தொட்டுப் பார்த்தல் வேண்டும். காற்றுக்கு வழி அமைத்த முன்னோர் அவ்வழிக்கு ஒரு காவலும் அமைத்தனர். அக்காவலைப் பேணுதல் பின்னோர் கடனாகும்.