வரப்பில் நின்ற அந்நியர்

மாணிக்கத்தின் சிவப்பு குரோமியத்தின் உபயம் என்று அறிந்தபோது எனக்கு ஏமாற்றமே. கல் என்னவோ வெறும் அலுமினியம் ஆக்ஸைடுதான்! அதையே சுட்டெடுத்த பீங்கானில் துளி இட்ரியம் சேர்த்தால், உலைச் சூட்டிலும் எளிதில் நெளியாது. காரணம்தான் விளங்காமலிருந்தது.

அணுவைப் பார்க்கக் கண் வேண்டுமே! 1931-ல் பெர்லினில் நோலும் ரஸ்காவும் செய்த முதல் எலக்ட்ரான் நுண்ணோக்கி சுமார் 17 மடங்குதான் பெருக்கிற்று, பூதக்கண்ணாடியே தேவலை. 1986-ல் ரஸ்காவுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, பாவம், நோல் உயிரோடில்லை.

அக்கருவியின் வாரிசைக்கொண்டு, டோக்கியோ பல்கலைக்கழகத்தார் இரு படிகங்கள் கூடும் வரப்பைப் படமெடுத்து, 2006-ல் வெளியிட்டார்கள். படிகத்துக்குள் இடம் கொள்ளாத பருத்த இட்ரியம் அணுக்கள், வரப்பிலே வெண்புள்ளிகளாய் வரிசை பிடித்து நின்றன. அவை பக்கத்து ஆக்ஸிஜன்களை இறுகப் பிடித்திருப்பது கணக்குப் போட்டபின் தெரிந்தது.