சுறாவுக்கு முன்னே வந்த ஆரவாரம்

1975 ஜூன் 20 அன்று ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் சுறாப் படமான 'ஜாஸ்' வட அமெரிக்காவில் 464 திரையரங்குகளில் ஒரே நாளில் வெளியானது. அதற்கு முந்தைய இரவுகளில் தொலைக்காட்சியில் விளம்பரம் விடாமல் ஓடியது. சில நகரங்களில் தொடங்கி, பேச்சு பரவிய பின் மற்ற ஊர்களுக்குக் கொண்டுபோகும் பழைய வழக்கம் அதன்பின் தேய்ந்தது. ஆரவாரமே படத்தை ஓட்டியது என்பார்கள். முதல் வாரக் கூட்டத்துக்கு அது பொருந்தும். கோடை முழுதும் வந்தவர்களுக்குப் பொருந்தாது. படப்பிடிப்பில் இயந்திரச் சுறா கடல்நீரில் அடிக்கடி பழுதானதால், அதைக் காட்டாமலே அச்சமூட்ட வேண்டியிருந்தது. அந்த இடத்தை ஜான் வில்லியம்ஸின் இசை நிரப்பியது. படத்தின் உயிரே அந்த மறைப்புதான். ஆரவாரம் மட்டும் போதாது: 1977இல் பெரும் எதிர்பார்ப்போடு வந்த 'எக்ஸார்சிஸ்ட்' இரண்டாம் பாகத்தைப் பார்த்து ரசிகர்கள் சிரித்தார்கள். வெளியான பிறகும் இயக்குநர் ஜான் பூர்மன் அதை வெட்டித் திருத்த வேண்டியதாயிற்று.