டிராம் போச்சு, பத்திரம் இருக்கு!

புதுக்கோட்டைப் பக்கம் கடியாபட்டி, ராயவரத்தில் தாத்தா வீடு இருக்கா உங்களுக்கு? டிரங்குப் பெட்டிக் காகிதங்களை எடைக்குப் போட்டுடாதீங்க. மெட்ராஸ் டிராம் கம்பெனியின் பங்குப் பத்திரம்கூட அதில் கிடக்கலாம்!

இந்தியாவின் முதல் மின்சார டிராம் அது. 1895 மே 7-ல் ஓடத் தொடங்கியது. நஷ்டம் தாங்காமல் கம்பெனி கைவிரிக்க, 1953 ஏப்ரல் 12-ல் வண்டி நின்றுபோனது. பங்காக அந்தக் காகிதம் இன்று செல்லாக்காசு. ஆனால், பழைய பத்திரங்களின் பூவேலை பார்டருக்கும் முத்திரைக்கும் கையெழுத்துக்குமே காசு கொடுக்கிற சேகரிப்பாளர்கள் உலகமெங்கும் உண்டு.

விற்குமுன் ஒரு நிமிஷம் (பி.காம். புத்தி!). வேறு பத்திரம் கிடைத்தால், அந்தக் கம்பெனி பெயர் மாறி உயிரோடு இருக்கிறதா பாருங்கள். 7 வருஷம் டிவிடெண்ட் வாங்காத பங்குகள் மத்திய அரசின் முதலீட்டாளர் நிதிக்குப் போயிருக்கும். வாரிசுகள் உரிய சான்றுகளோடு கேட்டு வாங்கலாம்.