வரப்பு வளர்ந்த வரலாறு

1938-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், கென்யத் தலைநகர் நைரோபியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அக்கம்பா இன மக்கள் திரண்டு வந்து அமர்ந்தனர். மச்சாக்கோஸ் மாவட்டத்து உழவர்களான அவர்களின் மாடுகளை ஆங்கில அரசு கைப்பற்றி ஏலம் விட்டிருந்தது. மேய்ச்சலால் மண் அரிக்கப்படுகிறது என்பது அரசு கூறிய காரணம். ஆளுநரைக் காணாது திரும்போம் என்று அவர்கள் உறுதியாக நின்றனர். தலைவர் முயிந்தி எம்பிங்கு சிறைப்பிடித்து அனுப்பப்பட்டார். எனினும் கட்டாய மாட்டு விற்பனையை அரசு கைவிட நேர்ந்தது.

மண் அரிக்கப்பட்டது பொய்யன்று. மலைச்சரிவுகள் உண்மையிலேயே பாழாகிக் கிடந்தன. ஆனால், அந்நிலைக்கு அம்மக்கள் மட்டுமா பொறுப்பு? நல்ல நிலங்களை வெள்ளையர் குடியேற்றத்துக்கென ஒதுக்கி, இவர்களை ஓர் எல்லைக்குள் அடைத்து வைத்தவர் யார் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பின்னர்க் கட்டாயக் கூட்டு வேலையாக வரப்புகள் போடப்பட்டன. 1963-இல் நாடு விடுதலை பெற்றதும் அப்பணி தளர்ந்தது. அடக்குமுறையின் சின்னமாகிவிட்ட வரப்பை யார்தாம் விரும்பிப் பேணுவர்?

வியப்பு இதற்குப் பின்னரே தொடங்குகிறது. எழுபதுகளில் அதே மக்கள் தாமாகவே மண்வெட்டியை எடுத்தனர். ‘எம்வெத்யா’ என்னும் பரஸ்பர உதவிக் குழுக்கள் முறைவைத்து ஒவ்வொருவர் நிலத்திலும் உழைத்தன. அக்குழுக்களில் பெரும்பாலோர் பெண்களே! சரிவுக்குக் குறுக்கே வாய்க்கால் வெட்டி, மண்ணை மேட்டுப்புறம் எறிந்து வரப்பாக்குவர். மழைதோறும் வண்டல் தங்கி, நாளடைவில் நிலம் படிபடியாய்ச் சமமாகும். சுவாஹிலி மொழியில் இதனை ‘ஃபான்யா ஜூ’ என்பர்.

இம்மனமாற்றத்துக்குக் காரணம் என்ன? ஆப்பிரிக்க உழவர் காப்பி பயிரிடுவதற்கு இருந்த தடைகளை 1954-ஆம் ஆண்டின் ஸ்வின்னர்டன் திட்டம் தளர்த்தியது. காப்பியும் கனியும் காய்கறியும் நைரோபிச் சந்தையும் வருவாய் தந்தன. நகரில் வேலை செய்தோர் அனுப்பிய பணம் நிலத்துக்குச் சென்றது. உழுபவனுக்குத் தன் நிலம் தன் பிள்ளைகளுக்கே சேரும் என்ற உறுதி இருந்தது. இன்று போடும் வரப்பின் பயனை நாளை தன் வீடே துய்க்கும் என்று அறிந்தவன் ஏன் தயங்குவான்?

மேரி டிஃபன், மைக்கேல் மார்ட்டிமோர், ஃபிரான்சிஸ் கிச்சுக்கி ஆகிய மூவர் 1994-இல் வெளியிட்ட ஆய்வு நூல் இவ்வரலாற்றை விரிவாக எடுத்துரைக்கிறது. 1932-இல் ஏறத்தாழ 2,40,000 ஆக இருந்த மக்கள் தொகை 1989-இல் சுமார் 14 லட்சமாகப் பெருகியது. மக்கள் பெருகியும் மண் அழியவில்லை. அரிப்புக் குறைந்தது, விளைச்சல் உயர்ந்தது. வறண்ட பகுதிகளிலும் வறிய குடும்பங்களிடையிலும் இப்பயன் ஒரே அளவில் கிட்டவில்லை என்பதையும் மறைத்தல் ஆகாது.

அறிவுரையும் தொழில்நுட்பமும் தேவையே. ஆயினும் அவை உழவனின் உரிமையோடும் வருவாயோடும் கைகோத்தபோதுதான் பலித்தன. 1938-இல் நைரோபியில் அமர்ந்திருந்தோர் மண்ணின் பகைவர் அல்லர். தம்மைக் கேளாமல் தம் மண்ணைக் காக்க வந்தவர்களையே அவர்கள் எதிர்த்தனர். அம்மண்ணைப் பின்னர்க் காத்ததும் அவர்தம் பிள்ளைகளின் கைகளே.