பதினேழு வயதில் ஓய்வு

1964 அக்டோபரில் டோக்கியோ ஒலிம்பிக் நடந்தபோது அமெரிக்க நீச்சல் வீராங்கனை டோனா டி வரோனாவுக்கு வயது 17. 400 மீட்டர் தனிநபர் மெட்லியிலும் 4×100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தொடர் நீச்சலிலும் தங்கம் வென்றார். அடுத்த ஆண்டே போட்டி நீச்சலிலிருந்து விலகிவிட்டார்.

அதே டோக்கியோவில் நான்கு தங்கம் வென்றவர் டான் ஷோலண்டர். வயது 18. அவர் யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே குளம், பயிற்சியாளர், அணி எல்லாம் இருந்தன. படித்துக்கொண்டே நீந்தி, 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் இன்னொரு தங்கமும் ஒரு வெள்ளியும் பெற்றார். டோனாவுக்கு அந்த வாசலே திறந்திருக்கவில்லை. யேல் இளங்கலைப் படிப்பில் பெண்களைச் சேர்த்துக்கொண்டதே 1969இல்தான். பெண்களைச் சேர்த்த பல்கலைக்கழகங்களிலும், நீந்துவதற்காக ஒரு பெண்ணுக்கு உதவித்தொகை தரும் வழக்கம் இல்லை.

பெண்கள் பதின்வயதிலேயே உச்சத்தைத் தொட்டு ஓய்ந்துவிடுவார்கள், வளர்ந்த உடம்பு தண்ணீரில் ஒத்துழைக்காது என்றே அப்போது பேசினார்கள். ஆனால் நீச்சல் தனியாகத் தொடரக்கூடிய விளையாட்டு அல்ல. ஓடுகிறவருக்குத் தெரு போதும். நீந்துகிறவருக்குக் குளம் வேண்டும், அதில் ஒரு தடம் வேண்டும், நேரம் குறிக்கும் பயிற்சியாளர் வேண்டும், தினமும் பல மணி நேரம் வேண்டும். பள்ளி வயதில் இந்தச் சுமையைப் பெற்றோரும் ஊர் நீச்சல் கிளப்பும் தாங்கினார்கள். பள்ளி முடிந்ததும் ஆண்களைக் கல்லூரி ஏந்திக்கொண்டது. பெண்களை ஏந்த யாருமில்லை. அந்த இல்லாமையைத்தான் உடம்பின் குறை என்று எழுதிவைத்தார்கள்.

1972 ஜூன் 23 அன்று ‘டைட்டில் நைன்’ சட்டம் கையெழுத்தானது. அரசு நிதி பெறும் கல்வித் திட்டங்களில் பால் பாகுபாடு கூடாது என்றது அது. விளையாட்டு என்ற சொல்லே அந்தச் சட்டப்பிரிவில் இல்லை; விளையாட்டுக்கான விதிகள் 1975இல்தான் வந்தன. அவற்றை நீர்த்துப்போகச் செய்யும் முயற்சிகளும் கூடவே வந்தன. டோனா இந்தச் சட்டத்துக்காக வாஷிங்டனில் வாதாடினார். டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங் 1974இல் தொடங்கிய பெண்கள் விளையாட்டு அறக்கட்டளைக்கு முதல் தலைவரானார். 1982இல், ஆண்களின் கல்லூரிப் போட்டிகளை நெடுங்காலம் நடத்திவந்த தேசிய அமைப்பு பெண்களுக்கும் நீச்சல் சாம்பியன்ஷிப் நடத்தத் தொடங்கியது.

அதன்பின் வந்த பெயர்களைப் பாருங்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அணியில் நீந்திய ஜென்னி தாம்சன் 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக்குகளில் 12 பதக்கங்கள் பெற்றார். கடைசி ஒலிம்பிக்கின்போது அவர் 31 வயது மருத்துவ மாணவி. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்காக நீந்திய டாரா டோரஸ் 2008இல், 41 வயதில், ஒரு குழந்தைக்குத் தாயான பிறகு, மூன்று வெள்ளி வென்றார்.

ஆனாலும் கல்லூரி கைகொடுப்பது நான்கைந்து ஆண்டுகள்தான். அதற்குப் பிறகு மறுபடியும் பணமும் நேரமும்தான் தீர்மானிக்கின்றன. டோரஸுக்குத் தனிப் பயிற்சியாளர்களை அமர்த்திக்கொள்ளும் வசதி இருந்தது. எல்லாப் பெண்களுக்கும் அது இல்லை.

விளையாட்டு வரலாறு இப்படி நின்றுபோனவர்களை ‘ஓய்வு பெற்றார்’ என்ற இரண்டு சொற்களில் முடித்துவிடுகிறது. பதினேழு வயதுப் பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொற்களைப் படிக்கும்போது, அடுத்த நாள் காலை அவள் நீந்தப் போவதற்கு ஒரு குளம் இருந்ததா என்று நாம் கேட்க வேண்டும்.